சாவு வீட்டில் விடிய விடிய பாட்டு!

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் ராத்திரி நேரத்தில் போயிருக்கிறீர்களா? தெருவை அடைத்துப் பந்தல். வரிசையாக நாற்காலிகள். ஐஸ் பெட்டிக்குள் பிணம். பக்கத்திலேயே டோலக் அடித்துப் பாட்டு!

புதிதாகப் பார்ப்பவர் முகம் சுளிப்பார். "எழவு வீட்டுல என்னய்யா கச்சேரி?" என்பார். கொஞ்சம் நின்று கேட்டால் விஷயம் வேறு.

கட்டிக்கொண்டு அழுகை

முதலில் பெண்களின் ஒப்பாரி. சேதி கேட்டு வருகிற பெண் தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்து விட்டுக்கொண்டு ஓடி வருவாள். உட்கார்ந்திருக்கும் பெண்கள் நடுவே புகுந்து, தோள்மேல் கை போட்டு, தலையோடு தலை முட்ட ஓர் அடி எடுத்து விடுவாள். மற்றவர்கள் கூடவே இழுப்பார்கள். உடம்பெல்லாம் ஒரே சீராக ஆடும்.

செத்தவரை மட்டுமா பாடுகிறார்கள்? போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள் அவனை நினைத்து அழுவாள். பிள்ளையை இழந்தவள் அந்தப் பிள்ளையை அழுவாள். பிறந்த வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லாதவள் அந்தக் குறையையும் சேர்த்துக்கொள்வாள். துக்கத்துக்கு உரியவளுக்கு அப்போதுதான் தெரிகிறது, அடி தனக்கு மட்டும் விழவில்லை என்று.

அவள் அழாமல் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தால் கிழவிகளுக்குப் பயம் வந்துவிடும். "அழுதுடும்மா, மனசுல வெச்சிக்காத" என்று உலுக்குவார்கள். பாடிப் பாடியே அழ வைத்துவிடுவார்கள்.

பெயரைச் சொல்லும் கானா

ராத்திரி ஏற ஏற ஆண்கள் முறை. மரண கானா என்று இதற்குப் பெயர். பாட வந்தவர் செத்தவர் பெயர், மனைவி மக்கள் பெயர், பார்த்த வேலை எல்லாம் விசாரித்துப் பாட்டில் கோர்த்து விடுவார். மூட்டை தூக்கியவர், வண்டி இழுத்தவர் பெயரெல்லாம் பத்திரிகையில் வருமா? அந்த ஒரு ராத்திரி பாட்டில் வருகிறது! கூட்டம் கை தட்டிப் பின்பாட்டு பாடுகிறது.

1990-களில் தேவா இசையில் சினிமாவுக்குப் போய் சக்கை போடு போட்டதே, அதே கானாதான்.

குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிறவர்களும் உண்டு. மறைப்பதற்கில்லை.

இதயம் சேர்ந்து துடிக்கிறது

சுவீடன் நாட்டில் கோதென்பர்க் பல்கலைக்கழகத்தார் இளைஞர்களைச் சேர்ந்து பாட வைத்து, இதயத் துடிப்பை அளந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருடைய துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்கியதாம்! பாட்டின் அடி முடிகிற இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவதுதான் காரணம். நம்ம கிழவிகளிடம் கருவி ஏது? கட்டிப் பிடித்தே கண்டுகொண்டார்கள்.

மைக் தகராறு

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு விதி. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். புகார் போகும், போலீஸ் வரும். நியாயம்தான். ஆனால் மைக்கை நிறுத்து என்பது வேறு, பாட்டை நிறுத்து என்பது வேறு. ஒப்பாரிக்கு எந்தக் காலத்தில் மைக் இருந்தது?

அடுக்கு மாடி வீடுகளில் இப்போது அழுகைச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்துகிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர் பத்து நிமிஷம் செல்போனைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறார். அந்த வீட்டு அம்மா ராத்திரி யாரைக் கட்டிக்கொண்டு அழுவாள்?

பந்தலில் விடிந்துவிட்டது. கேனில் டீ வருகிறது. தொண்டை கட்டிப்போன பெண்கள் எழுந்து குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்கப் போகிறார்கள். ராத்திரியெல்லாம் பச்சைத் தண்ணீர் வேண்டாம் என்றவளும் ஒரு வாய் டீ குடிக்கிறாள்.