பழவேற்காடு: முகத்துவாரத்தை நம்பிய ஊர்

மீனையே தொடாத சமணக் குடும்பத்தில் பிறந்தவன் மீனவர் ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். என்னைப் பழவேற்காட்டுக்கு முதலில் இழுத்தது துணிதான். துணி வியாபாரி கண்ணுக்கு வேறென்ன தெரியும்? வெள்ளைக்காரன் வாயில் 'புலிகாட்' என்று திரிந்த இந்த ஊர்ப்பெயர், கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டையின் பெயராக ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது.

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர், பொன்னேரி வழியாகப் போகணும். தமிழகக் கடற்கரையின் வடகோடி என்றே சொல்லலாம். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைநகர். இங்கிருந்து துணி கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போகும். அங்கே துணியைக் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்குவார்கள். துணியோடு மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளாக பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டார்கள். டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் படம் எடுக்கிறவர்கள் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது.

கோட்டை போனாலும் ஊர் போகவில்லை. காரணம் ஏரி. இந்தியாவின் உப்பங்கழிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தது இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே என்றால் நம்புவீர்களா? ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் ஏற்றத்தோடு ஏரிக்குள் வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவையும் இப்படிப் போய்வருகிற மீன்தான். ஆக, அந்த ஒரு வாசல் திறந்திருந்தால்தான் எல்லாம்.

வாசலுக்குப் பக்கத்தில் வலை கட்டினால் நிறைய இறால் விழும். அப்படியானால் தினம் அடிதடிதானே என்கிறீர்களா? அதற்குத்தான் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு. ஏரியில் வலை கட்டும் இடங்களை வரையறுத்து, பட்டினவர் குப்பங்களின் பெரியவர்கள் கூடிச் சீட்டுப் போட்டு முறை வகுப்பார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவனுக்கு ஒரு பங்கு. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறு இடம். பணக்காரன் என்பதற்காக ஒரு இடத்தை நிரந்தரமாக வளைத்துப் போட முடியாது. மீன் பிடிப்பதை நான் சரியென்று சொல்லமாட்டேன், அது என் தர்மம். ஆனால் கிடைப்பதை முறைவைத்துப் பகிர்வதில், எங்கள் நூல்கள் அபரிக்கிரகம் என்று சொல்கிற பற்றாமையின் ஒரு சாயல் எனக்குத் தெரிகிறது.

குறை இல்லாமலும் இல்லை. பாட்டில் பங்கு பட்டினவர்களுக்குத்தான். ஏரியை நம்பிய மற்றச் சாதியாருக்கு அதில் இடம் கிடையாது. அதனால் மனத்தாங்கலும் தகராறும் வந்திருக்கின்றன. இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். சீட்டில் பெயர் இல்லாதவனுக்கும் வயிறு உண்டு அல்லவா?

இப்போது பங்கு போடுவதைவிடப் பெரிய கவலை வாசலே. கரையோரமாக ஓடும் நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து கோடையில் முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஏரியில் உப்பு ஏறும், குஞ்சுகள் உள்ளே வர வழியிராது. தெற்கே 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் மணலின் போக்கையே மாற்றிவிட்டன என்பது மீனவர்களின் குறை. கடலுக்குள் கல்லைக் கொட்டினால் மணல் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும். இது படிக்காதவனுக்கும் புரிகிற கணக்கு. அண்மை ஆண்டுகளில் முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க அரசு கற்சுவர் வேலையை எடுத்துக்கொண்டது. ஹெப்பகோடி ஏரி கழிவுநீரில் மூச்சுத் திணறியதைக் கண்ணால் பார்த்த நமக்கு, ஒரு நீர்நிலையைக் கெடுப்பது சுலபம், மீட்பது எத்தனை கஷ்டம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்ம பெங்களூருக்கும் இந்த ஊருக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. இஸ்ரோவின் தலைமையகம் இங்கே. ராக்கெட் ஏறுவது ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில். ஏவுகிற நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. நாம் டி.வி.யில் கைதட்டும் நாள் அவர்களுக்கு வருமானமில்லாத நாள்.

பார்க்கப் போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போனால் பூநாரைக் கூட்டத்தைக் காணலாம். கரையில் நின்றே பாருங்கள். யாராவது கூப்பிட்டாலும் படகில் ஏறவேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிப்போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது இங்கேதான்.