கூதிரில் ஒரு பாலை – 3: ஏரியின் பெயரில் ஒரு நாடு

"சாட் போறேன் பெரியம்மா" என்றதும் அவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "சாட்டா? பானிபூரி விக்கிறானே, அதுவா?"

"இல்ல பெரியம்மா, ஆப்பிரிக்காவுல ஒரு நாடு. லிபியாவுக்குக் கீழ."

"அங்க என்னடா இருக்கு?"

"வடக்கே முழுக்கப் பாலைவனம். தெற்கே புல்லுக்காடு."

"மணலப் பார்க்கவா அவ்ளோ செலவு? சித்திரையில நம்ம பாலாத்துல போயி நில்லு. பஸ் டிக்கெட்டுதான்."

செங்கல்பட்டில் பிறந்தவனால் இதை மறுத்துப் பேச முடியாது. பாலாற்றுப் பாலத்தில் ரயில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்த மணல்தான் என் முதல் பாலைவனம்.

ஆனால் நான் போவது மணலைப் பார்க்க அல்ல, தண்ணீரைப் பார்க்க. சாட் என்ற பெயரே ஏரியிலிருந்து வந்தது. அந்தப் பக்கத்து மொழியில் அதற்குப் பெரிய நீர்ப்பரப்பு என்று பொருள். 'சாட் ஏரி' என்று நாம் சொல்வது 'ஏரி ஏரி' என்பதுதான். 'நடு சென்டர்' மாதிரி. 1960களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கிடந்த அந்த ஏரி, அடுத்து வந்த வறட்சிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிப்போனது. என் ஊர் செங்கழுநீர்ப் பூவின் பெயரைச் சுமந்துகொண்டு, ஏரி மாவட்டம் என்ற பட்டத்தோடு இருக்கிறது. ஏரிக்காரன் ஏரி நாட்டுக்குப் போகிறேன், அவ்வளவுதான்.

எப்போது போவது? வெளிநாட்டுப் பயண நூல்கள் எல்லாம் 'இலையுதிர் காலத்தின் முடிவில்' என்கின்றன. இலையுதிர் காலம் நமக்குப் பாடநூலில் மட்டும் வருவது. நம் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்: மழை, ஈரக்காற்று, காயாத துணி. சாட் நாட்டிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை அக்டோபரில் ஓய்ந்துவிடும். நமக்கு வானம் திறக்கும் மாதத்தில் அவர்களுக்குப் பாதை திறக்கிறது. தென்கிழக்கில் உள்ள சக்கூமா தேசியப் பூங்கா மழைக்காலம் முழுக்க மூடியே கிடக்கும். அங்கே கரிசல் மண். கோவில்பட்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நனைந்த கரிசலில் மாட்டுவண்டியே போகாது, ஜீப் எங்கே போகும்? நவம்பர் பாதிக்கு மேல் நிலம் இறுகினால்தான் உள்ளே விடுவார்கள்.

சக்கூமாவில் 2002ஆம் ஆண்டு வாக்கில் 4,000க்கு மேல் இருந்த யானைகள், தந்தத்துக்காகக் குதிரையில் வந்த கும்பல்களின் துப்பாக்கிக்குப் பலியாகி, 2010இல் சுமார் 450 ஆகிவிட்டன. மிஞ்சியவை பயத்தில் ஒரே கூட்டமாகத் திரண்டு திரிந்தன. கன்று ஈனுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டன. அந்த ஆண்டு ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு நிர்வாகத்தை ஏற்ற பிறகுதான் மறுபடி கன்றுகள் கண்ணில் படத் தொடங்கின. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறை முன்னால் நிற்கும்போதெல்லாம், பெரிய யானையின் காலடியில் ஒண்டியிருக்கும் குட்டிகளைப் பார்த்தால் இப்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

யானையைவிட என்னை இழுப்பது ஒரு முதலை. வடகிழக்கில் என்னெடி என்ற மணற்பாறைப் பீடபூமி இருக்கிறது. 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நம் கடற்கரைப் பாறையைப் பல்லவர் காலத்து உளி குடைந்தது. அந்தப் பாறையைக் காற்றும் தண்ணீரும் குடைந்திருக்கின்றன. அலோபா என்ற இயற்கை வளைவின் உயரம் சுமார் 120 மீட்டர். அந்தப் பாறைகளுக்கு நடுவே ஆர்ச்செய் என்ற இடுக்கில் வற்றாத சுனை ஒன்று. அதில் முதலைகள் வாழ்கின்றன. சஹாராவின் நடுவில்!

வழிதவறி வந்தவை அல்ல அவை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சஹாரா பச்சையாக இருந்தது. ஏரிகள் இருந்தன, ஆறுகள் ஓடின. நிலம் காய்ந்தபோது தண்ணீரோடு பின்வாங்கிப் பின்வாங்கி இந்தச் சுனையில் வந்து ஒதுங்கியவற்றின் சந்ததி இது. விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம்.

இந்தச் சேதியைப் படித்த வாரமே வடநெம்மேலிக்குப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமுலஸ் விட்டேக்கரும் மற்றவர்களும் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை அது. பள்ளிச் சுற்றுலாவில் முதலையைக் கல் என்று நினைத்த அதே இடம். நம் சதுப்பு முதலை கோடையில் குளம் வற்றினால் கரையில் வளை தோண்டி, உள்ளே அசையாமல் காலம் தள்ளும். ஓடுவதை நிறுத்திக் காத்திருக்கும் வித்தை. ஆர்ச்செய் முதலைக்கும் அதே பிழைப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் வேலிக்கு வெளியே நின்றேன். இரண்டு பக்கமும் அசைவில்லை.

சரி, பாலைவனச் சுனையில் முதலை எதைத் தின்கிறது? மீனை. மீன் எதைத் தின்கிறது? பாசியை. பாசிக்கு உரம்? ஒட்டகச் சாணம். நாடோடிகள் நூற்றுக்கணக்கில் ஒட்டகங்களை ஓட்டிவந்து அங்கே நீர் காட்டுகிறார்கள். அவை நின்ற இடத்திலேயே போடும் கழிவில் தண்ணீர் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பில்தான் முதலையின் உயிர்.

இதை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. பிறகு பிடிபட்டது: வேடந்தாங்கல்! நீர்க்கடம்பு மரங்களில் கூடுகட்டும் நாரையும் கொக்கும் போடும் எச்சம் ஏரியில் கரைய, அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் தேவையில்லை என்பது அந்த ஊர்க் குடியானவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுக் கவுல் என்ற உறுதிப்பத்திரம் எழுதி வாங்கியவர்கள் அவர்கள். பறவைப் பாசம் என்று நாம் எழுதுகிறோம். விளைச்சல் கணக்கும் அதில் இருந்தது. அதனால் அந்தப் பாசம் குறைந்துவிடாது என்பது என் கட்சி.

இனி காகித வேலை. சாட் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்திலும் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமை. கெடுபிடிக்குக் காரணம் உண்டு. இந்தக் காய்ச்சல் இந்தியாவில் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுத் தேங்காய் ஓட்டிலேயே இருக்கிறது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். செங்கல்பட்டுக்காரன் இதற்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வரை போக வேண்டும். பக்கத்துத் திருமணியிலேயே பெரிய தடுப்பூசி வளாகம் கட்டி வைத்திருக்கிறார்கள். 2021 கொரோனா நாள்களில், அது ஏன் ஓடவில்லை என்று ஊரே பேசியது.

தலைநகர் என்ஜமீனாவில் இறங்கியதும் போலீசில் பதிவு. வெளியூர் போக ஒரு அனுமதிச் சீட்டு, படம் எடுக்க இன்னொன்று. பிரெஞ்சும் அரபும் ஆட்சிமொழிகள். எனக்கு இரண்டும் தெரியாது. பணம் சி.எஃப்.ஏ. பிராங்க், யூரோவுக்கு நிலையான மதிப்பு, அதனால் கையில் யூரோ.

பயம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டதிலிருந்து பல லட்சம் அகதிகள் கிழக்கு எல்லை தாண்டி சாட் நாட்டுக்குள் வந்திருக்கிறார்கள். என்னெடி அந்த எல்லைக்கு ரொம்பத் தூரம் இல்லை. வடக்கே திபெஸ்டி மலையில் லிபியாவோடு நடந்த போரின் கண்ணிவெடிகள் இன்னும் மண்ணுக்குள் இருப்பதால் அதை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டுதான் எடுத்திருக்கிறேன், விலை கூடுதல் என்றாலும்.

தீபாவளி முடிந்து, நவம்பர் கடைசி வாரம் கிளம்புவதாக முடிவு. என்ஜமீனாவிலிருந்து என்னெடிக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். பெரும்பாலும் சாலை இல்லாத தடம், மூன்று நான்கு நாள் பயணம். குடிக்கிற தண்ணீரிலிருந்து அரிசி வரை வண்டியிலேயே போக வேண்டும்.

இதைச் சொன்னபோதுதான் பெரியம்மா முதல்முறையாக நிமிர்ந்தார். "எத்தன பேரு?"

"டிரைவரோட அஞ்சு பேரு."

"புளிக்காய்ச்சல் ரெண்டு கிலோ போதுமா?"

(தொடரும்)