ஜாடியில் உப்பு ஏன் கசிகிறது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கல் உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். சோடியம் குளோரைடு அவ்வளவு லேசில் ஈரம் இழுக்காது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். அது எவ்வளவு ஒட்டிக்கொண்டு வரும் என்பது தூத்துக்குடி உப்பளத்திலேயே முடிவாகிவிடுகிறது.

முள்ளக்காடு, தருவைகுளம், வேப்பலோடை பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகள்தான். கடல்நீரையோ, போர் போட்டு எடுத்த உவர்நீரையோ பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு வெயிலில் வற்றவிடுகிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் 35 கிராம். அதில் நாம் சாப்பிடும் உப்பு ஏறத்தாழ 27 கிராம். மிச்சத்தைப் பிரித்து ஒதுக்குவதில்தான் தொழில் இருக்கிறது. நீரின் அடர்த்தியை பாமே மானியை மிதக்கவிட்டு டிகிரியில் பார்ப்பார்கள். ஜிப்சம் முதலில் படிந்துவிடும். 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கும். 29, 30 வந்ததும் மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். மெக்னீசியம் ஏறி, நாக்கில் பட்டாலே கசக்கும் நீர் அது. வடிக்கத் தாமதித்தால் அந்தக் கசப்பும் கல்லோடு சேர்ந்துவிடும். பிறகு பலகையால் வாரி வரப்பில் குவித்து, ஒட்டியிருக்கும் நீரையும் வடியவிடுகிறார்கள். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூச, கால் வெடிக்க உழைப்பவர்களில் பெண்கள் ஏராளம். இந்த வேலைக்கு நாம் தரும் விலை மிகவும் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

ஜாடியில் கசிந்த நீரோடு உப்பில் உள்ள அயோடினும் போய்விடும். கடையில் வாங்கும்போது பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரத்தில் அது கரைந்து அடியில் இறங்கிவிடுகிறது. ஆகவே மழைக்காலத்தில் கொஞ்சமாக வாங்கி, இறுக மூடிய பீங்கான் ஜாடியில் வையுங்கள். ஈரக் கையைப் போடாதீர்கள். தூள் உப்பு உதிரியாக இருப்பதற்குக் காரணம், அதில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள்.

தூள் உப்புக்கு எழுதிய அளவில் கல் உப்பைப் போட்டால் கறியில் உப்பு குறையும். கற்களுக்கு இடையே காற்று நிற்பதால் அதே கரண்டி குறைவாகத்தான் பிடிக்கும்.

எவர்சில்வர் பானையின் அடியில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுவதற்கும் கல் உப்புதான் காரணம். பச்சைத் தண்ணீரில் போட்ட கல் அடியில் கரையாமல் கிடக்கும். அதைச் சுற்றிக் குளோரைடு செறிந்து, எஃகைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தைத் துளைத்துவிடும். விழுந்த குழி எந்த நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டு, உடனே கிளறிவிடுங்கள்.