கப்பலுக்குக் கப்பல் தெரியும், படகு தெரியுமா?

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட ‘பி.டபிள்யூ. மேப்பிள்’. மற்றது, எண்ணெய் ஏற்றிவந்த ‘டான் காஞ்சிபுரம்’. கரையொதுங்கிய எண்ணெய்க் கசடை ஆட்கள் வாளிகளில் அள்ளியதை நாடே பார்த்தது. இந்த அளவுள்ள கப்பல்களில் ‘ஏ.ஐ.எஸ்.’ என்ற தானியங்கி அடையாளக் கருவி இருந்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி. அப்படியிருந்தும் மோதல் நடந்தது.

கப்பலின் பெயர், இருக்குமிடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் வி.எச்.எஃப். ரேடியோ அலையில் இந்தக் கருவி ஓயாமல் அறிவிக்கிறது. இருக்குமிடம், வேகம், திசை ஆகியவற்றை ஓடும்போது 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை. நங்கூரமிட்டு நின்றால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. அக்கம்பக்கத்துக் கப்பல்களின் திரையில் அது சிறு முக்கோணமாகத் தெரியும். இரண்டும் எவ்வளவு நெருங்கும், இன்னும் எத்தனை நிமிடத்தில் என்ற கணக்கும் கிடைக்கும். மலைமுனைக்குப் பின்னால் ராடாருக்கு மறைந்திருக்கும் கப்பலைக்கூட இது காட்டிக்கொடுப்பதுண்டு. ஆனால், திரையைப் பார்த்து வேளையோடு திசையை மாற்ற வேண்டியவர் மாலுமிதான்.

இதே தகவல் எரிபொருளையும் மிச்சப்படுத்தும். துறைமுகத்தில் இடம் காலியில்லாதபோது விரைந்து வந்து வெளியே காத்துக்கிடப்பது வீண்செலவு. கப்பல்களின் நகர்வை இந்தத் தகவலில் கவனித்து, எப்போது இடம் கிடைக்கும் என்று துறைமுகம் முன்கூட்டியே சொன்னால் கப்பல் நிதானமாக வரலாம். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே, அதே தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சமாகும்.

இந்த ஏற்பாட்டில் விடுபட்டுப் போனவர்கள் மீனவர்கள். 2017 ஜூனில் கொச்சிக்கு அப்பால், நங்கூரமிட்டிருந்த மீன்பிடிப் படகின் மீது பனாமா கொடி தாங்கிய சரக்குக் கப்பல் மோதியது, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உயிரிழந்தனர். ஃபைபர் படகு ராடாரில் சரியாகத் தெரியாது; அலை அதிகமென்றால் அந்த மங்கலான புள்ளியும் காணாமல் போகும். இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குத் தெரிவது பெரிய உதவி. ஆனால், அந்த வழியாக வரும் கப்பலின் மாலுமிக்கும் அது தெரிந்தாக வேண்டும். சிறு படகுகளுக்கென்றே 2 வாட் திறனில் இயங்கும் ‘பி’ வகை ஏ.ஐ.எஸ். கருவி இருக்கிறது. இரவில் கடலில் தங்கித் தொழில் செய்யும் ஒவ்வொரு படகுக்கும் அதை அரசு மானியத்தில் கொடுக்க வேண்டும்.