பக்கவாதமும் 108 வண்டியும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ, காலையில் காப்பி அருந்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்குத் திடீரென வாய் கோணிப் பேச்சுக் குழறினால், சோடா கொடுத்துப் படுக்கவைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீடிப்பது மிகுந்த விசனத்துக்குரியது. இவை பக்கவாதத்தின் அறிகுறிகளாகலாம்; அதில் மூளையின் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது வைத்திய சாஸ்திரத்தின் கணிப்பு.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையின் வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர், நோயாளியைச் சிரிக்கச் சொல்லி முகத்தைக் கவனிப்பதும், கண்களை மூடி இரு கைகளையும் பத்து விநாடி நீட்டச் சொல்லி எந்தக் கை தாழ்கிறதென்று பார்ப்பதும், ஓர் எளிய வாக்கியத்தைத் திரும்பச் சொல்லக் கேட்பதும் வீண் சடங்குகள் அல்ல. விரல் நுனியைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் அவசியமே. சர்க்கரை தாழ்ந்தாலும் இதே தோற்றம் உண்டாகும்.

எல்லாவற்றிலும் பிரதானமான கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பது. விடியற்காலையில் கை விழுந்த நிலையில் எழுந்தவருக்கு, இரவு படுத்த நேரமே கணக்கு. இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அந்நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள், அதுவும் சி.டி. ஸ்கேன் எடுத்து மூளையில் இரத்தக்கசிவு இல்லையென்று நிச்சயித்த பின்னரே செலுத்துவர். ஆகையால் ஸ்கேன் வசதியில்லாத பக்கத்துத் தெரு கிளினிக்கில் காத்திருப்பது பெருநஷ்டம்.

வீட்டிலுள்ளோரே, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.