கார்க் கண்ணாடியில் கீறலா? தேய்க்குமுன் கொஞ்சம் பொறுங்கள்!



வாசலில் நிற்கும் காரையோ வேனையோ கழுவித் துடைக்கும் வேலை பல வீடுகளில் உங்களிடமும் பிள்ளைகளிடமும்தான் இருக்கிறது. இன்று நம் பெண்களிற் பலர் தாமே வாகனம் ஓட்டிச் சென்று பிள்ளைகளைப் பாடசாலையில் விடுகிறார்கள். ஆகவே கண்ணாடியில் விழும் கீறல் ஆண்கள் மட்டும் கவனிக்க வேண்டிய விடயமல்ல.

பகலில் அக்கீறல் பெரிதாகத் தெரியாது. மஃரிபுக்குப் பின்னர், அதுவும் மழைத் தூறலில், எதிரே ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வரட்டும்! கீறல்களில் பட்ட வெளிச்சம் கண்ணாடியெங்கும் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். அந்தக் கணத்தில் பாதையோரமாக நடந்து செல்லும் மனிதர் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதை வெறும் அழகுக் குறை என்று விட்டுவிடலாமா?

கீறல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மணலில் இருந்துதான். பொருட்களின் வன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5, மணலில் உள்ள படிகக்கல்லோ 7. காத்தான்குடி, கல்முனைப் பக்கத்தில் கச்சான் காற்று வீசும் காலத்தில் வாகனத்தின் மேல் என்ன படிகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூசியின் மேல் காய்ந்த துணியை வைத்துத் துடைப்பது, கண்ணாடியை அரத்தால் ராவுவதற்குச் சமம். வைப்பரின் ரப்பர் வெயிலில் இறுகி வெடித்தால் அதன் இரும்பே கண்ணாடியில் உரசி வில் போன்ற கோட்டைப் போட்டுவிடும். பக்கக் கண்ணாடிகளில் மேலிருந்து கீழாகக் காணும் கோடுகள், கண்ணாடி இறங்கி ஏறும் இடுக்கில் சிக்கிய மணலின் வேலை. பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பியையும் சாம்பலையும் வாகனத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கீறலைப் போக்குமுன், அது கீறல்தானா என்று பாருங்கள். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புப் பாறை நிலங்களில் கிணற்று நீரால் கழுவிய கண்ணாடியில் வெண்மையான படை பிடிக்கும். அதற்கு வினாகிரியில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒற்றி வைத்துத் துடைத்துக் கழுவினாலே போதும். உட்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் கீறல் அந்தத் தாளிலும் இருக்கலாம். அப்படியானால் தாளை மாற்ற வேண்டுமே தவிர, தேய்த்துப் பயனில்லை.

அடுத்து, சுத்தமாகக் கழுவிய கண்ணாடியில் கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிச் சென்றால் அது மேலோட்டமானது, மினுக்கிப் போக்கலாம். நகம் தடுக்கினால் அது ஆழமானது. வீட்டில் கை வைக்க வேண்டாம்.

பற்பசையைத் தேய்த்தால் கீறல் மறையும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்கிறோம். பற்பசையில் உள்ள சுண்ணத் தூள் கண்ணாடியை விட மென்மையானது. அது அழுக்கை அகற்றுமே தவிரக் கீறலை அகற்றாது. இதற்கென்றே உள்ள பொருள் சீரியம் ஒட்சைட்டு என்னும் மென்மையான தூள். 1803இல் கண்டறியப்பட்ட சீரியம், அதற்கு இரண்டு வருடங்கள் முன்னர் வானில் காணப்பட்ட சீரிஸ் என்ற சிறு கோளின் பெயரைப் பெற்றது. மூக்குக் கண்ணாடி வில்லைகளை மினுக்குவதற்கும் இதையே பயன்படுத்துகிறார்கள். இது வெறுமனே உராய்வதில்லை. நீருடன் சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்போடு தாக்கமுற்று, மிக மெல்லிய படையாகக் கழற்றி எடுக்கிறது.

செய்யும் முறை இதுதான். வாகனத்தை நிழலில் நிறுத்துங்கள். சுற்றியுள்ள பெயின்டைப் பழைய பத்திரிகைத் தாளால் மூடுங்கள். தூள் தெறித்துக் காய்ந்தால் எடுப்பது கடினம். கீறல் இருக்கும் இடத்தைக் கண்ணாடியின் மறுபக்கத்தில் ஒட்டுநாடாவால் அடையாளமிடுங்கள். தூளை நீர் விட்டுப் பாலாடை போலக் கரைத்து, துளையிடும் மெஷினில் பொருத்திய கம்பளித் தட்டில் தடவி, குறைந்த வேகத்தில், அதிகம் அழுத்தாமல், ஓரிடத்தில் நிற்காமல் கீறலைச் சுற்றியும் அகலமாகத் தேய்க்க வேண்டும். காய விடவே கூடாது. அடிக்கடி நீர் தெளித்து, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். சூடேறிய கண்ணாடி வெடிக்கும். சின்னக் கீறலுக்கே அரை மணித்தியாலமும் அதற்கு மேலும் பிடிக்கலாம். கையால் மட்டும் தேய்த்தால் இலேசான மங்கலை நீக்கலாம், அவ்வளவே. தூளைக் கரைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

ஒரு விடயத்தில் மிகுந்த கண்டிப்பு வேண்டும். முன் கண்ணாடி, இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியது. அதில் ஆழமான கீறலைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தால் அந்த இடம் பள்ளமாகி வில்லையைப் போல ஒளியை வளைக்கும். கீறல் போய்விடும், பாதை நெளிந்து தெரியும்! இது கீறலை விட மோசமானது. நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்பக்கம் அமர்வதால் அவருடைய கண்ணுக்கு நேரான வலப் பாதியில் ஆழமான கீறல் இருந்தால், செலவு பார்க்காமல் கண்ணாடியை மாற்றுவதே என் அபிப்பிராயம். பக்கக் கண்ணாடியோ சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியாக்கியது. அதன் உறுதி மேற்பரப்பின் இறுக்கத்தில் இருக்கிறது. ஆழமாகக் குடைந்தால் முழுக் கண்ணாடியும் நொறுங்கிச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொட்டும். கல் பட்டுத் தெறித்த வெடிப்புக்கும் இந்தத் தூள் உதவாது. அதற்குப் பிசின் நிரப்பும் வேறு வேலை இருக்கிறது.

கராஜில் கொடுத்துச் செய்வித்தால் பணம் கொடுக்குமுன் ஓட்டுநர் ஆசனத்தில் அமருங்கள். தூரத்தில் உள்ள ஒரு மின்கம்பத்தைப் பார்த்தபடி தலையை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். தேய்த்த இடத்தினூடாகக் கம்பம் வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் அப்போதே காட்டிக் கேளுங்கள். விளக்கு ஏற்றும் நேரத்தில் இன்னொரு முறையும் பாருங்கள். பகலில் தப்பியது அப்போது தெரியும்.