கஞ்சாவும் மதுவும்: மூளைக்குள் இரு வேறு பாதைகள்

1960-களின் தொடக்கத்தில் ஓர் இளம் வேதியியலாளர் 5 கிலோ ஹஷீஷைப் பையில் போட்டுக்கொண்டு டெல் அவிவ் நகரில் பேருந்து ஏறினார். கஞ்சாச் செடியின் பிசினான அந்தச் சரக்கை அவரிடம் கொடுத்தது இஸ்ரேல் காவல்துறைதான். கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்ததை ஆராய்ச்சிக்காகத் தந்திருந்தார்கள். பேருந்துக்குள் பரவிய வாடை எங்கிருந்து வருகிறது என்று சக பயணிகளுக்குப் புரியவில்லை. ரெஹோவோத்தில் உள்ள வைஸ்மன் ஆய்வு நிறுவனத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த இளைஞர் ரஃபேல் மெக்கூலம்.

அபினியிலிருந்து மார்ஃபினை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். கோகோ இலையிலிருந்து கொகெய்னும் அதே நூற்றாண்டில் கிடைத்துவிட்டது. கஞ்சா மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதன் சாறு எளிதில் படிகமாகாது. ஒன்றையொன்று ஒத்த எத்தனையோ சேர்மங்கள் எண்ணெய்ப் பிசுக்காக அதில் ஒட்டிக்கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, போதை தருவது இன்னதுதான் என்று மெக்கூலமும் அவருடைய சகா யெஹியல் காவோனியும் 1964-இல் அறிவித்தார்கள். டெட்ராஹைட்ரோகன்னபினால் என்பது அதன் பெயர். சுருக்கமாக டி.எச்.சி.

அது மூளையில் என்ன செய்கிறது என்பதற்கு விடை கிடைக்க மேலும் 24 ஆண்டுகள் ஆயின. 1988-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹௌலெட்டும் வில்லியம் டிவேனும் எலியின் மூளையில் கஞ்சாச் சேர்மங்கள் போய்ப் பொருந்தும் ஏற்பியைக் கண்டார்கள். அதைவிடப் பெரிய கேள்வி அங்கேதான் பிறந்தது. மலைச்சரிவில் தானாக முளைக்கும் ஒரு செடியின் பிசினுக்கென்று பாலூட்டிகளின் மூளை ஏன் ஓர் ஏற்பியை வைத்திருக்க வேண்டும்?

செடிக்காக வைத்திருக்கவில்லை. நம் உடலே அதே ஏற்பிக்குப் பொருந்தும் பொருளைச் சுரக்கிறது. 1992-இல் ஜெருசலேமில் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் டிவேனும் லூமிர் ஹனுஷும் அதைப் பிரித்தெடுத்து, ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகளில் 2-ஏஜி என்ற இன்னொன்றும் கிடைத்தது. பசி, வலி, அச்சம், நினைவு, உறக்கம் எல்லாவற்றிலும் கைவைத்திருக்கும் ஒரு முழு அமைப்பு நமக்குள் இருந்திருக்கிறது. மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கஞ்சாவை அறிவான். தன் உடலுக்குள் இருந்த இந்த அமைப்பை அந்தச் செடியின் வழியாகத்தான் அவனால் கண்டுபிடிக்க முடிந்தது.

இந்த அமைப்பு வேலை செய்யும் விதம் இன்னும் வியப்பானது. நரம்பணுக்களுக்கு இடையே செய்தி பொதுவாக ஒரு திசையில்தான் செல்லும். அனுப்பும் அணுவிலிருந்து பெறும் அணுவுக்கு. ஆனந்தமைடும் 2-ஏஜியும் எதிர்த்திசையில் போகின்றன. செய்தி அளவுக்கு மீறி வந்து குவியும்போது, பெறும் அணு இவற்றை அங்கேயே உடனுக்குடன் தயாரித்துப் பின்னோக்கி அனுப்புகிறது. அனுப்பும் அணு வேகத்தைக் குறைக்கிறது. வேலை முடிந்ததும் நொதிகள் இவற்றைச் சிதைத்துவிடுகின்றன. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்துக்கு மட்டுமான அடக்கம் அது. புகையாக உள்ளே வரும் டி.எச்.சி.க்கு அந்த இடக்கணக்கும் நேரக்கணக்கும் தெரியாது. ஏற்பி இருக்கும் இடமெல்லாம் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்து, மணிக்கணக்கில் இருந்துவிடுகிறது.

அந்த ஏற்பிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று 1990-இல் மைல்ஸ் ஹெர்கன்ஹாம் குழு வரைபடமாகவே வரைந்தது. நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸில் அடர்த்தியாக இருந்தன. உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையிலும், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதிகளிலும் அப்படித்தான். கஞ்சா புகைத்தவர் பேசிக்கொண்டிருந்ததையே பாதியில் மறப்பதும், நேரம் நீண்டுபோனதுபோல் உணர்வதும், கை கால் ஒத்துழைக்காமல் தடுமாறுவதும் இந்த வரைபடத்தோடு ஒத்துப்போகின்றன. ஆனால் மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஏற்பிகள் மிகச் சொற்பம். ஹெராயின் அளவு மீறினால் மூச்சு நின்றுவிடுவதுபோல, கஞ்சாவால் நிற்பதில்லை. அதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

மதுவுக்கு இப்படி ஒரு வரைபடம் வரைய முடியாது. மதுவில் போதை தரும் எத்தனால் ஒன்பதே அணுக்கள் கொண்ட மிகச் சிறிய மூலக்கூறு. நீரில் கரையும், கொழுப்புச் சவ்வையும் கடக்கும். டி.எச்.சி. குறிப்பிட்ட சில மதகுகளைத் திறக்கும் கை என்றால், எத்தனால் ஏரி உடைந்து ஊருக்குள் புகும் வெள்ளம். நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற வேதிச் சமிக்ஞையை அது கூட்டுகிறது. தூண்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. முதலில் கூச்சம் போகிறது, பிறகு நிதானம், பிறகு நடை, பிறகு நினைவு. இந்தியச் சாலைகளில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதே 100 மில்லியில் 400 மில்லிகிராமை நெருங்கும்போது மூளைத்தண்டும் மயங்கி மூச்சு நின்றுபோகலாம்.

பாதிப்பு மூளையோடு நிற்பதில்லை. கல்லீரல் எத்தனாலை முதலில் அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுபானங்களை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என்று மதுவால் புற்றுநோய் வரக்கூடிய உறுப்புகளின் பட்டியல் நீள்கிறது. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவ உதவியில்லாமல் திடீரென்று நிறுத்தினால், வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். 2019-இல் மட்டும் உலகில் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணமாக இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பிரிட்டனில் டேவிட் நட் தலைமையிலான குழு 2010-இல் 20 போதைப் பொருள்களை எடைபோட்டு, பயன்படுத்துபவருக்கும் சுற்றியிருப்பவருக்கும் நேரும் கேட்டைச் சேர்த்து மதிப்பெண் போட்டது. மதுவுக்கு 72, கஞ்சாவுக்கு 20. கஞ்சாவை அனுமதிக்க வேண்டும் என்பவர்கள் அடிக்கடி நீட்டும் எண்கள் இவை. ஆனால் சமூகத்துக்கு விளையும் கேட்டில், அந்தப் பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதும் கலந்திருக்கிறது. மது தெருவுக்குத் தெரு கிடைக்கும் நாட்டில், கஞ்சா மறைவில் விற்கப்பட்ட காலத்தில் எடுத்த அளவு அது. கஞ்சாவும் அதே மாதிரி கிடைத்தால் எண் எங்கே போய் நிற்கும் என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது.

கஞ்சாவின் ஆபத்து வேறு வகையானது. அது எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. குறிப்பிட்ட வயதிலும் குறிப்பிட்ட சிலரிடத்திலும் குவிகிறது. இருபது வயது தாண்டியும் முன்மூளையின் இணைப்புகள் செதுக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. எது நிலைக்க வேண்டும், எது நீங்க வேண்டும் என்ற அந்த வேலையில், ஆனந்தமைடு போன்றவற்றைச் சுரக்கும் உடலின் சொந்தக் கன்னபினாய்டு அமைப்புக்கும் பங்குண்டு. அந்த வயதில் வெளியிலிருந்து தினமும் டி.எச்.சி. வந்து குறுக்கிடுவதுதான் கவலைக்குரியது.

ஸ்வீடனில் ராணுவப் பணிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களிடம் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு, தினமும் பயன்படுத்துவோருக்கு உளப்பிறழ்வு நோய்க்கான வாய்ப்பு மும்மடங்குக்கு மேல் என்றது. வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தினமும் எடுப்போருக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதில் எவ்வளவு கஞ்சாவால் வந்தது, எவ்வளவு பிறவியிலேயே இருந்த பலவீனத்தால் வந்தது என்ற விவாதம் நடக்கிறது. குடும்பத்தில் மனநோய் இருக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்க நேரமில்லை.

வீரியம் என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் டி.எச்.சி. சுமார் 4 சதவீதம். இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 12 சதவீதமாயிற்று. இன்று கடைகளில் விற்கும் சாறுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. அப்பனும் மகனும் ஒரே பெயரைச் சொல்லலாம். அவர்கள் எடுப்பது ஒரே பொருள் அல்ல. உணவில் கலந்து தின்றால் கணக்கு மேலும் மாறுகிறது. கல்லீரல் டி.எச்.சி.யை இன்னும் வலிய வடிவமாக மாற்றும். போதை ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு துண்டு தின்பவர் மாட்டிக்கொள்கிறார். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சா கலந்த தின்பண்டத்தைத் தவறுதலாகத் தின்றதாக அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு 2017-இல் வந்த அழைப்புகள் 207. 2021-இல் அவை 3,054.

மதுவும் கஞ்சாவும் வெவ்வேறு வகையில் தீங்கு செய்பவை. ஆகவே எது சட்டபூர்வம், எது குற்றம் என்ற கோட்டை வேதியியல் போடவில்லை, வரலாறுதான் போட்டது. 1893-94-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த கஞ்சா போதைப் பொருள் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அளவான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லை, முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்று பரிந்துரைத்தது. 1961-இன் சர்வதேச உடன்படிக்கை வேறு திசையில் போயிற்று. அதன் வழியில் வந்த 1985-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பூவையும் பிசினையும் தடை செய்து, தனி இலையை விட்டுவைத்தது. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இன்றும் நடக்கின்றன.

தடையை நீக்கிய நாடுகள் ஒரே வழியில் போகவில்லை. 2013-இல் சட்டம் இயற்றிய உருகுவே, விற்பனையை மருந்துக் கடைகளுக்குள் அடக்கியது. வாங்குபவர் பதிவு செய்ய வேண்டும், மாதம் 40 கிராமுக்கு மேல் கிடையாது, விளம்பரம் கூடாது. கனடா 2018-இல் அனுமதித்தபோது எச்சரிக்கை அச்சிட்ட எளிய உறைகளைக் கட்டாயமாக்கியது. தின்பண்டத்தில் ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான் உச்சம். 2014-இல் கடைகளைத் திறந்த அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் சந்தைக்கு அதிக இடம் கொடுத்தது. அங்கே அதே பொட்டலத்தில் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம்.

தடை நீங்கியதால் விளைந்த நன்மை உண்மையானது. கஞ்சா புகைப்பதில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத அமெரிக்காவில், கைதாகும் வாய்ப்பு மட்டும் கறுப்பினத்தவருக்கு நான்கு மடங்குக்கு நெருக்கமாக இருந்தது. அந்த அநீதியில் ஒரு பகுதி குறைந்தது. பள்ளி மாணவரிடையே பலர் அஞ்சிய பெரிய ஏற்றமும் நாடளாவிய கணக்கெடுப்புகளில் தெரியவில்லை. ஆனால் பெரியவர்களின் பழக்கம் மாறிவிட்டது. 2022-இல் தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் கஞ்சா எடுத்த அமெரிக்கர்கள் 1 கோடியே 77 லட்சம் பேர். அதே அளவு அடிக்கடி குடித்தவர்கள் 1 கோடியே 47 லட்சம். கஞ்சா எண்ணிக்கை மது எண்ணிக்கையைத் தாண்டியது அந்தக் கணக்கெடுப்பில் அதுவே முதல் தடவை.

மது வணிகம் எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பவரால் வாழவில்லை. தினமும் மிகுதியாகக் குடிப்பவரால்தான் வாழ்கிறது. கஞ்சா வணிகமும் அதே இடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது. தினசரி வாடிக்கையாளரை நம்பி வாழும் இந்த உறவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஆண்டு வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. குடிநோயாளியைக் காக்க வேண்டிய கருவூலம், அவர் நாளையும் கடைக்கு வருவதை நம்பியிருக்கிறது.

மதுவைவிடக் கஞ்சா தீங்கு குறைந்தது என்ற வாதத்தில், உடலின் கணக்கு மட்டும் பார்த்தால், பெரும் உண்மை உண்டு. ஆனால் மதுவின் வரலாறு கஞ்சாவுக்குத் தரும் நற்சான்று அல்ல. ஒரு போதைப் பொருளை எப்படி விற்கக் கூடாது என்பதற்கு மனித குலம் கோடிக்கணக்கான உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. எந்த நாடு கஞ்சாவை அனுமதிக்க நினைத்தாலும் நான்கு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு வீரியம்? எந்த வயதுக்கு மேல்? விளம்பரம் செய்ய யாருக்கு உரிமை? லாபம் யாருக்கு? தடையைத் தொடர நினைக்கும் நாடும் ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: ஒரு பொட்டலத்தோடு பிடிபடும் இருபது வயது இளைஞனைச் சிறைக்கு அனுப்புவதா, மருத்துவரிடம் அனுப்புவதா? சிகிச்சைக்குத் தானாக முன்வருபவரை வழக்கிலிருந்து விடுவிக்க நம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கிறது. அந்த வழியை அகலப்படுத்த எந்தக் கஞ்சாக் கடையையும் திறக்க வேண்டியதில்லை. அதை இன்றே தொடங்கலாம்.